பதின்மூன்று எழுத்தில் ஒரு ஜாதகம்

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சிகனில் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்தேன். 1970 செவர்லே ஷெவெல். சிவப்பு உடம்பு, கறுப்புப் பட்டை, முன் கிரில்லில் எஸ்எஸ் என்று இரண்டு எழுத்து. விளம்பரத்தில் 'எஸ்எஸ் 396, முழுசா ரெஸ்டோர் செய்தது, எல்லா நம்பரும் பொருந்தும்' என்று போட்டிருந்தது. விலையை இங்கே சொன்னால் வீட்டில் பிரச்னை வரும்.

கூட வந்தவர் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர். கார் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயசு. நான் பெயின்ட்டையும் சீட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பேசாமல் கீழே குனிந்து, டார்ச் அடித்து, பின் அச்சின் மூடியில் இருக்கும் போல்ட்களை எண்ணினார். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பத்து."

பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும். அந்த வருஷத்து எஸ்எஸ் காருக்குப் பன்னிரண்டு போல்ட் அச்சு. பத்து என்றால் சாதாரண மாலிபுவோட அச்சு. அச்சு மாற்றிய காராகவும் இருக்கலாம்தான், ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. விற்பவரும் கடைசியில், கொஞ்சம் நெளிந்துகொண்டே, "குளோன்தான், ஆனா நல்ல குளோன்" என்றார். விளம்பரத்தில் அந்த வார்த்தை எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வந்த கேள்வி ரொம்ப எளிமையானது. காரில்தான் வின் எண் இருக்கே? நம்மூரில் சேஸிஸ் நம்பர் என்போமே, அதுதான். அதை வைத்து இது எஸ்எஸ்ஸா இல்லையா என்று ஏன் சொல்ல முடியாது? பகலில் டேட்டாபேஸ் கட்டிப் பிழைக்கிறவன் நான். பிரைமரி கீ ஒன்று இருந்தால் மிச்சத்தைத் தேடி எடுத்துவிடலாம் என்பது என் நம்பிக்கை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் நாலு மாசம் போய்விட்டது.

இன்று ஓடும் கார்களில் உள்ள பதினேழு எழுத்து வின் எண் 1981 மாடல்களில்தான் வந்தது. அதில் ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்துகளும் வராது. ஒன்று, பூஜ்ஜியத்தோடு குழம்பிவிடக் கூடாதே என்று. ஒன்பதாவது இடத்தில் ஒரு செக் டிஜிட். ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக மாற்றி, அதனதன் இடத்துக்கான எடையால் பெருக்கி, கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதி அங்கே இருக்க வேண்டும். மீதி பத்தாக வந்தால் எக்ஸ். ஓர் எழுத்தைத் தப்பாக எழுதினாலே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த மாதிரி எண் போட்டது. 1970 ஷெவெலில் பதின்மூன்று எழுத்து. முதல் 1 என்றால் செவர்லே. அடுத்த 36 மாலிபு, வி8 எஞ்சின். அதற்கடுத்த 37 இரண்டு கதவு ஸ்போர்ட் கூப் உடம்பு. பிறகு 0, அதாவது 1970. பிறகு தொழிற்சாலைக்கு ஓர் எழுத்து, பி என்றால் பால்டிமோர். கடைசியில் ஆறு இலக்க வரிசை எண். அவ்வளவுதான். எந்த வி8 என்று எங்கேயும் இல்லை. 200 குதிரைத்திறன் உள்ள 307 க்யூபிக் இன்ச் எஞ்சின் போட்டு வாங்கிப்போன சாதுவான காருக்கும் 13637. அதே வருஷம் 454 க்யூபிக் இன்ச், 450 குதிரைத்திறன் எல்எஸ்6 எஞ்சின் போட்டு வந்த அசுரனுக்கும் 13637. எஸ்எஸ் என்பது அப்போது தனி மாடலே இல்லை, ஆப்ஷன் பேக்கேஜ். காசு கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம், எண்ணில் பதியாது. எஞ்சின் வகையை வின் எண்ணிலேயே காட்டும் வழக்கம் செவர்லேயில் 1972இல்தான் வந்தது.

இது செவர்லேயின் தனிக் குற்றமில்லை. இந்த வகைக் கார்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டதாகச் சொல்லப்படும் பான்டியாக் ஜிடிஓவே 1964இல் லெமான்ஸ் காரின் ஓர் ஆப்ஷன்தான், சுமார் 295 டாலர். நடுத்தர அளவுக் காரில் இவ்வளவு பெரிய எஞ்சின் போடக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு இருந்தது. புது மாடல் என்று சொன்னால் மேலிடத்து அனுமதி கேட்கணும், ஆப்ஷன் என்றால் வேண்டாம். அப்படி நழுவி வந்த கார் முதல் வருஷமே 32,450 விற்றது. 1966இல்தான் அது தனி மாடலாகி எண்ணும் 242 என்று தொடங்கியது. ஆக 1964, 65 ஜிடிஓக்களுக்கு வின் எண் சாட்சி சொல்லாது. ஓர் அலுவலகத் தந்திரத்தின் விளைவை அறுபது வருஷம் கழித்து வாங்குகிறவன் அனுபவிக்கிறான்.

இதெல்லாம் அன்றைக்கு யாருக்கும் பொருட்டாக இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, மாசுக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சினின் கம்ப்ரெஷனைக் குறைத்தார்கள், 1973இல் எண்ணெய்த் தடை வந்தது. காலனுக்குப் பத்து மைல் கொடுத்த இந்தக் கார்கள் வெறும் பழைய கார்கள் ஆகிவிட்டன. எஞ்சினைக் கழற்றி வேறு காரில் போட்டார்கள், வீணடித்தார்கள், வேலியோரம் நிறுத்திவிட்டு மறந்தார்கள். பின்னாளில் அன்றைய பையன்கள் சம்பாதித்து, பேரன் எடுத்து, தாங்கள் வாங்க முடியாமல் போன காரைத் தேடிக் கிளம்பியபோதுதான் அந்த இரண்டு எழுத்துக்கு விலை வந்தது. விலை வந்ததும் எழுத்து ஒட்டுகிறவர்களும் வந்தார்கள். மாலிபுவை எஸ்எஸ் ஆக்கத் தேவையான சின்னம், கிரில், பானெட் எல்லாம் கேட்டலாகில் புதுசாகவே கிடைக்கிறது. வட்டமான மீட்டர்கள் வைத்த டாஷ்போர்டு வேண்டுமென்றால் அதே வருஷத்து மான்டி கார்லோ காரிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். நான் பார்த்த காரிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

இதில் ஒரு வேடிக்கை. 1970 எஸ்எஸ் 396இல் இருந்த எஞ்சின் 396 இல்லை. அந்த வருஷம் அதன் உண்மையான கொள்ளளவு 402 க்யூபிக் இன்ச். 396 என்ற பேருக்கு மவுசு இருந்ததால் கம்பெனியே பேரை மாற்றவில்லை. அசலிலேயே ஒரு பொய் ஒட்டியிருக்கிறது. அந்தப் பொய் இருந்தால்தான் கார் அசல்!

சரி, வின் எண் சொல்லாததை வேறு எது சொல்லும்? முதலில் பில்ட் ஷீட். அசெம்பிளி லைனில் எந்தக் காருக்கு எதைப் பூட்டுவது என்று தொழிலாளிக்குச் சொல்லும் தாள். வேலை முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டியது, பல கார்களில் பெட்ரோல் டாங்க்கின் மேலோ சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ சிக்கி நின்றுவிட்டது. எலி கடித்து, எண்ணெய் ஊறி, ஐம்பது வருஷம் கழித்து வெளியே வருகிறது. சில சமயம் வருவது பக்கத்துக் காரின் தாளாகவும் இருக்கும்; பூட்டியவர் எந்தத் தாளை எங்கே செருகினார் என்று கவலைப்பட்டதில்லை. கோயில் சுவரில் கல் மாற்றி வைத்த கல்வெட்டுகளைப் படித்துக் குழம்பியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

இரண்டாவது, கம்பெனி ஆவணம். இங்கேதான் அதிர்ஷ்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஃபோர்டின் 1967 முதலான உற்பத்திப் பதிவுகள் பிழைத்தன. அரிசோனாவில் கெவின் மார்ட்டி என்பவர் உரிமம் பெற்று அதை வைத்திருக்கிறார். வின் எண் கொடுத்துப் பணம் கட்டினால், அந்தக் கார் எந்தத் தேதியில் என்ன நிறத்தில் எந்த எஞ்சினோடு பிறந்தது என்று அறிக்கை வரும். ஃபோர்டு கார் விளம்பரங்களில் 'மார்ட்டி ரிப்போர்ட் உண்டு' என்று போடுவது இதைத்தான். பான்டியாக்குக்கு மைக்ரோஃபிலிமில் பில் நகல்கள் பிழைத்தன. கனடாவில் விற்ற கார்களுக்கு ஜிஎம் கனடா ஆவணம் தந்துவந்தது. அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு இப்படி ஒன்றும் பொதுவாகக் கிடைக்காது. என் பிரைமரி கீ பத்திரமாக இருக்கிறது, அது சுட்டிக்காட்ட வேண்டிய டேபிளைத்தான் காணோம்.

மூன்றாவது, எஞ்சின் பிளாக்கின் மேலேயே அடித்த முத்திரை. வின் எண்ணின் கடைசிப் பகுதியும் எஞ்சின் வகைக்கு ஒரு குறியீடும் அதில் இருக்கும். எல்எஸ்6, கையால் கியர் போடுவது என்றால் சிஆர்வி. 'நம்பர் பொருந்தும்' என்று விளம்பரத்தில் வருவது இதுதான்: உடம்பின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் ஒன்று. நம்மூரில் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல கியர் பாக்ஸ், பின் அச்சு, கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர் தேதி வரை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜாதகம் எழுதத் தெரிந்தவனுக்குத் திருத்தவும் தெரியும். பழைய முத்திரையை இழைத்து எடுத்துவிட்டு வேறு எண்ணை அடித்துவிடலாம். மாட்டிக்கொடுப்பது எண் இல்லை, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பரப்பு. தொழிற்சாலையில் பிளாக்கின் மேற்பரப்பை ப்ரோச் என்ற எந்திரத்தால் சீவுவார்கள். அது மெல்லிய இணைகோடுகளை விட்டுச்செல்லும். முத்திரை அந்தக் கோடுகளின் மேல் விழும். பிறகு இழைத்த பிளாக்கில் கோடுகள் இருக்காது, அல்லது வேறு திசையில் வட்டமாக ஓடும். வல்லவர்கள் இதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்வார்கள். இப்போது அந்தக் கோடுகளையும் சேர்த்துப் போலி செய்கிறார்களாம். இந்த விளையாட்டுக்கு முடிவே கிடையாது.

ரெஸ்டோர் செய்வதிலும் ஒரு பைத்தியம் உண்டு, அது எனக்குப் பிடித்த பைத்தியம். கொர்வெட் கார்களுக்கென்றே 1974இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் போட்டிகளில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். அதைவிட நன்றாக இருந்தால் மதிப்பெண் குறையும்! அவசரத்தில் அடித்த பெயின்ட்டின் சிதறல், பரிசோதித்தவர் சாக்பீஸில் கிறுக்கிய கோடு இதையெல்லாம் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பப் போடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் யாரோ அலட்சியமாகக் கிறுக்கியதை, ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகலெடுக்கிறார்.

இதற்கு நேர் எதிர்க் கட்சி ரெஸ்டோமாட். உடம்பு பழசு, உள்ளே எல்லாம் புதுசு. 1997 கொர்வெட்டில் வந்த எல்எஸ் குடும்ப எஞ்சின், அல்லது ஃபோர்டு என்றால் 2011 மஸ்டாங்கில் வந்த கயோட்டி எஞ்சின், டிஸ்க் பிரேக், ஏசி. அசல் கட்சிக்காரர்கள் இதைக் கோயில் தூணுக்கு எனாமல் பெயின்ட் அடித்ததுபோலப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் மாற்றிக் கட்டுவதுதான் மூத்த மரபு. 1932இல் ஃபோர்டு மலிவு விலையில் வி8 எஞ்சின் கொடுத்தது, 221 க்யூபிக் இன்ச், 65 குதிரைத்திறன். தெற்குக் கலிஃபோர்னியப் பையன்கள் அதில் மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினை நோண்டி, மூரோக் வறண்ட ஏரிப் படுகையில் போட்டி போட்டு ஓட்டினார்கள். அவர்களுக்கென்று 1937இலேயே ஒரு கூட்டமைப்பு உண்டாயிற்று. ஹாட் ராட் பத்திரிகை 1948 ஜனவரியில் வந்தது. அசல் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. 1997இல் பெபிள் பீச் கார் கண்காட்சியில் ஹாட் ராட்களுக்கு முதன்முறையாகத் தனிப் பிரிவு வைத்தார்கள். டோன் ஸ்பென்சர் மாற்றிக் கட்டிய 1932 ரோட்ஸ்டர் அதில் முதல் பரிசு வாங்கியது. அதை ரெஸ்டோர் செய்தவர்கள் ஃபோர்டு விற்ற நிலைக்குக் கொண்டுபோகவில்லை, ஸ்பென்சர் மாற்றிய நிலைக்குக் கொண்டுபோனார்கள். மாற்றமே அசலாகிவிட்டது.

இந்த இரண்டு கட்சியும் மோதிக்கொண்ட இடம் என்று எனக்குத் தோன்றுவது, அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு மஸ்டாங் கார்கள். 8ஆர்02எஸ்125558, 8ஆர்02எஸ்125559. 8 என்றால் 1968, ஆர் என்றால் சான் ஹோசே தொழிற்சாலை, 02 ஃபாஸ்ட்பேக் உடம்பு, எஸ் என்றால் 390 எஞ்சின். (ஃபோர்டுக்கு ஒரு கும்பிடு. எஞ்சினை எண்ணிலேயே எழுதிவைத்தார்கள்.) ஸ்டீவ் மெக்வீன் நடித்த புல்லிட் படத்துக்காக வந்த பச்சைக் கார்கள் இவை. சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடுபள்ளங்களில் கிட்டத்தட்ட பதினோரு நிமிஷத் துரத்தல். அதே பச்சை ஃபோக்ஸ்வாகனைத் திரும்பத் திரும்ப முந்துவார்கள், பார்த்திருப்பீர்கள். 558 குதித்து அடிபட்ட கார். 559 மெக்வீனின் குளோசப்புக்கான கார்.

559 இரண்டு கை மாறி, 1974இல் ஒரு பத்திரிகை விளம்பரம் மூலம் 6,000 டாலருக்கு நியூஜெர்சிக் குடும்பம் ஒன்றுக்குப் போனது. வீட்டு அம்மா பள்ளி ஆசிரியை. அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். 1977இல் மெக்வீனே காரைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதினார். தரவில்லை. 1980இல் கிளட்ச் போனதும் ஓரங்கட்டினார்கள். பிறகு 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில்தான் உலகம் அதைத் திரும்பப் பார்த்தது. துரு, மங்கிய பெயின்ட், கேமரா பொருத்துவதற்காகக் கீழே பற்றவைத்த இரும்புகள் எல்லாம் அப்படியே. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்துக்கு வந்தபோதும் யாரும் அதை ரெஸ்டோர் செய்யவில்லை. 34 லட்சம் டாலருக்கு ஏலம் முடிந்தது, கமிஷனோடு 37.4 லட்சம். சர்வைவர் என்று விளம்பரங்களில் சொல்வார்களே, அந்த வகையில் இதுதான் உச்சம்.

558 படம் முடிந்ததும் நசுக்கப்பட்டுவிட்டதாகத்தான் எல்லாரும் நம்பினார்கள். 2017இல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் எஞ்சின் இல்லாமல், வெள்ளை பெயின்ட்டோடு கிடைத்தது. எடுத்தவர்கள் அதை வைத்து என்ன செய்ய நினைத்தார்கள் தெரியுமா? எலனார் ஆக்க. 2000இல் வந்த கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ் படத்தில் நிக்கோலஸ் கேஜ் திருடும் சாம்பல் நிற மஸ்டாங்தான் எலனார். அந்தப் படத்துக்குப் பிறகு எத்தனையோ நல்ல ஃபாஸ்ட்பேக் உடம்புகள் வெட்டி ஒட்டி எலனார் ஆகிவிட்டன. இதுவும் அந்த வழியில் போக இருந்தது. வின் எண்ணைத் தேடிப் பார்த்ததில் சந்தேகம் வந்து நிறுத்தினார்கள். மார்ட்டி நேரில் போய்ப் பார்த்தார். ஸ்டன்டுக்காக முன்புற ஷாக் டவர்களைப் பலப்படுத்தியிருந்தது உட்பட அடையாளங்கள் பொருந்தின. உடம்பு வேலை முடிந்திருந்தால் அவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கும்? ஒரு சினிமா காரின் நகலைச் செய்ய, இன்னொரு சினிமா காரின் அசலை அழிக்க இருந்தார்கள். தெரியாமல்தான்.

அந்த எலனாருக்கும் ஒரு வழக்கு உண்டு. எலனார் என்பது பதிப்புரிமை உள்ள கதாபாத்திரமா என்று பல வருஷம் சண்டை. 2015இல் இதே ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பேட்மொபீலுக்கு உரிமை உண்டு என்றது. 2025 மே மாசம் எலனாருக்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. எலனார் குளோன் இனி நிறைய வரும்.

எண்ணைத் தொட்டால் சட்டம் எப்படிக் கடிக்கும் என்பதற்கு கன்சாஸில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் 1959 கொர்வெட் ஒன்றை வேறு மாநில டீலரிடம் வாங்கி, 2017இல் பதிவு செய்யக் கொண்டுபோனார். எப்போதோ ரெஸ்டோர் செய்தபோது யாரோ எண் தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். போலீஸ் காரைப் பிடித்துவைத்தது. வாங்கியவர் மேல் குற்றமே சொல்லவில்லை. ஆனால் எண் கலைந்த காரை அழிக்க வேண்டும் என்றது அன்றைய மாநிலச் சட்டம். ஐந்து வருஷம் வழக்கு நடத்தினார். 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள், ரெஸ்டோர் வேலைக்காகத் தகட்டைக் கழற்றலாம் என்று. கார் திரும்பி வந்தது. படித்துவிட்டு நான் பார்த்த சிவப்பு ஷெவெலின் டாஷ்போர்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிவெட் சரியாகத்தான் இருந்தது. அதாவது அது நேர்மையான மாலிபு. எண் பொய் சொல்லவில்லை, கிரில் சொன்னது.

பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் காரை மட்டமாகப் பேசவே இல்லை. "ஓட்டறதுக்கு நல்ல கார். அந்த ரெண்டு எழுத்துக்கு மட்டும் காசு கொடுக்காதே" என்றார். மாலிபு குளோனுக்கு நியாயமென்று பட்ட ஒரு விலையைச் சொல்லி விற்பவருக்கு மெயில் போட்டேன். பதில் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே கார் வேறு மாநிலத்தில், வேறு விற்பனையாளரின் விளம்பரத்தில் வந்தது. அதே படங்கள், இரண்டாயிரம் டாலர் அதிகம். என்னிடம் வாயால் சொன்ன 'குளோன்' அங்கேயும் இல்லை. 'எஸ்எஸ் 396, நம்பர் பொருந்தும்.' இப்போது விளம்பரத்தைக் காணோம், யாரோ வாங்கிவிட்டார்கள். அதன் பதின்மூன்று எழுத்தையும், பத்து போல்ட் தெரியும் படத்தையும் தேதியோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். வாங்கியவர் என்றைக்காவது தேடிக்கொண்டு வந்தால் கொடுக்கலாம்.